தோல் நிறத்தில் ஒரு துளி

காலையில் டப்பா மூடியின் மேல் வைத்துவிட்டுப் போன பெயிண்ட் துளி, மாலையில் அவள் வேலை முடிந்து திரும்பியபோதும் ஈரமாகவே இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. எள்ளளவு துளி அது. அந்த அளவு பெயிண்ட் விசிறிக் காற்றில் தும்மி முடிப்பதற்குள் ஆடை கட்டிவிடும். பத்து நிமிடம் போனால் நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் ஒரு தட்டை டப்பாவில் ஈரப் பஞ்சை விரித்து, மேலே பட்டர் பேப்பரைப் போட்டு, அதன் மேல் நிறங்களைப் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டு வேலை செய்வாள். அப்படியும் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் பாதி காய்ந்து போயிருக்கும். இந்தத் துளியை வைத்ததோ வெறும் தகர மூடியில். அதுவும் ஏழரை மணிக்கு, அவசரத்தில். விசிறியை நிறுத்தக்கூட மறந்து போயிருந்தாள். பகல் முழுக்க அது மேசைக்கு நேர் மேலே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

கையைக்கூடக் கழுவாமல் பூதக்கண்ணாடி விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தாள். நிழலே விழாத வெள்ளை வெளிச்சம். அதன் அடியில் துளி குமிழ் குலையாமல், பளபளப்பு மங்காமல், ஏதோ ஒரு பூச்சியின் கண்ணைப் போல உட்கார்ந்திருந்தது. பல்லுக்குச்சியின் நுனியால் தொட்டாள். ஒட்டிக்கொண்டு நூலாக மேலே வந்தது. குச்சியை எடுத்ததும் நூல் அறுந்து, துளி மறுபடியும் தன் வட்டத்துக்குள் அடங்கிக்கொண்டது.

அதைப் பற்றி இன்னொரு விஷயமும் இருந்தது. துளி அவளுடையது இல்லை. திருடியது.

அது அப்பா கட்டிய வீடு. கீழே அவளும் கணவனும், மாடியில் கல்யாணமாகாத தங்கை. உறவில் யாரும் அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். பெரியவளுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. பொய்ப்பல்லுக்கு நிறம் கொடுப்பது. வெள்ளை என்று ஊரார் ஒரே வார்த்தையில் சொல்வதில் அவளுக்கு முப்பது நிறம் தெரியும். தேநீர்க் கறை எங்கே படியும், வயதானால் பல்லின் ஓரம் எப்படிக் கண்ணாடியாகும் என்று பார்த்துப் பார்த்துத் தீட்டுவாள். அவள் செய்த பல் மற்றப் பற்களோடு ஒன்றாக உட்கார்ந்தால் பக்கத்தில் படுக்கிறவருக்குக்கூடத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் பெருமை. ஆனால் மனுஷி என்று பிறந்தவளுக்குத் தெரிகிற மாதிரியும் ஒரு பெருமை வேண்டுமே. அதற்காகத்தான் மாலை வேளையில் கட்டைவிரல் உயர உருவங்களுக்கு நிறம் தீட்ட ஆரம்பித்தாள். கணவன் அவற்றைப் 'பொம்மை' என்பான். அவள் ஒவ்வொரு முறையும் 'உருவம்' என்று திருத்துவாள். நகர மண்டபத்தில் வருஷா வருஷம் நடக்கும் கண்காட்சியில் ஆறு வருஷம் தொடர்ந்து முதல் பரிசு அவளுக்குத்தான்.

சின்னவள் தபால் அலுவலகத்தில் கவுன்டர் கிளார்க். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பொழுது போகவில்லை என்று கீழே இறங்கி வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். பெரியவள்தான் எல்லாம் காட்டிக்கொடுத்தாள். புட்டியைக் கவிழ்க்காதே, பல்லுக்குச்சியால் தொட்டு எடு. ஒரு துளிக்கு அரைத் துளி தண்ணீர். பிரஷை முக்கியதும் டிஷ்யூவில் ஒற்று, ஒற்றிய பிறகு மிச்சம் இருப்பதுதான் உன் பெயிண்ட். முனை பிரிந்தால் நாக்கு நுனியில் வைத்து ஒரு சுற்று சுற்று, ஊசி மாதிரி கூராகிவிடும். சொல்லிக்கொடுத்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை. கற்றுக்கொண்டவள் அந்த அளவோடு நின்றிருந்தால்.

போன வருஷம் சின்னவள் காய்ச்சல் என்று மூன்று வாரம் மாடியில் படுத்துக் கிடந்தாள். எழுந்து வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. சுமாரான முகம்தான் அவளுக்கு எப்போதும். இப்போது தெருவில் போனால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் தெளிவு கைக்கும் வந்துவிட்டது. இந்த வருஷக் கண்காட்சியில் அவள் வைத்தது, ஊசியில் நூல் கோர்க்கும் ஒரு பெண். துவரம்பருப்பு அளவு முகம். அதற்குள் ஒரு கண்ணைச் சுருக்கிய சலிப்பு, கீழுதட்டில் நூலை ஈரப்படுத்திய மினுக்கம், நெற்றியில் வரப் பார்க்கும் கோபம். ஜனம் வரிசையில் நின்று பார்த்தது. கணவன், லிஃப்ட் மெக்கானிக், மண்டபத்துக்கு வந்தால் நேரே டீ கவுன்டருக்குப் போகிறவன், அதன் முன்னால் கால் மணி நேரம் நின்றான். "இது மூச்சு விடுது" என்றான். பெரியவளுடைய உருவங்கள் எதன் முன்னாலும் அவன் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் நின்றதில்லை. மடியில் இரண்டாம் பரிசை வைத்துக்கொண்டு ஆட்டோவில் திரும்பும்போதும் அந்தப் பேச்சுதான். தங்கச்சி ஜெயித்தால் அக்காவுக்குத்தானே பெருமை என்று கண்காட்சி நடத்தும் சங்கத்தின் செயலாளர் சொன்னபோது அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தாடை இரண்டு நாள் வலித்துக்கொண்டிருந்தது.

வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது, அது பொறாமைதான். படுத்தால் எரிந்தது, பல்லைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது எரிந்தது, மாடிப்படியில் தங்கையின் செருப்புச் சத்தம் கேட்டால் எரிந்தது.

ரகசியம் ஒரு புட்டியில் இருந்தது. கண்ணுக்கு விடும் சொட்டு மருந்துப் புட்டி அளவு, கண்ணாடி, மேலே எந்த எழுத்தும் கிடையாது. உள்ளே தோல் நிறம். சின்னவள் அதைக் கீழே கொண்டு வந்ததே இல்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய ஒரு பெட்டியோடு வந்தது என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். பெரியவள் கையை நீட்டியபோது நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அதை மட்டும் தொடாதேக்கா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அந்த மெதுவில்தான் இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது.

திங்கட்கிழமை காலை, வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். மேசையில் புட்டி. பல்லுக்குச்சியின் நுனியை முக்கித் தைல டப்பா மூடியில் ஒரு துளி வைத்து, காற்றில் அணையப்போகும் சுடரைக் கொண்டு போகிறவள் மாதிரி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு கீழே வந்தாள்.

இதோ அந்தத் துளி. மாலை ஆறு மணி. இன்னும் ஈரம்.

நல்ல பெயிண்ட் அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கையில் அப்போது இருந்தது ஒரு காவலாளியின் உருவம். நாற்காலியில் சாய்ந்து, ஒரு கண் மூடி, மறு கண் பாதி திறந்து. முகம் உளுந்து அளவு. பிரஷின் முனை துளியைத் தொட்டதும், அவள் இழுக்காமலேயே பெயிண்ட் மயிருக்குள் ஏறியது. கன்னத்தில் வைத்தாள். அது பரவவேண்டிய இடம் வரை பரவி, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. மூக்கின் ஓரம், இமையின் மடிப்பு, மோவாயின் கீழ் மழிக்காத நிழல், எல்லாமே ஒரே துளியிலிருந்து வந்தது. முனை பிரியும்போதெல்லாம் பழக்கப்படி நாக்கு நுனியில் வைத்து உதட்டுக்கு நடுவே ஒரு சுற்று. மற்ற பெயிண்டுகள் சுண்ணாம்பு மாதிரி கசக்கும். இது கசக்கவில்லை. லேசாக உப்புக் கரித்தது. வெதுவெதுப்பாக இருந்தது, இன்னொருவர் வாயில் இருந்த மிட்டாயை எடுத்து வாயில் போட்ட மாதிரி.

இரண்டு மணி நேரம் தீட்டினாள். மூடியின் மேல் இருந்த துளி குறையவில்லை.

கணவன் வந்தான். கையில் கிரீஸ் வாடையோடு, அதிசயமாக மேசைப் பக்கம் வந்து, காவலாளியைப் பார்த்து நின்றான். அவள் காத்திருந்தாள். "சின்னவ குடுத்தாளா?" என்று கேட்டான். தான் செய்தது என்றாள். அவன் இன்னொரு தரம் குனிந்து பார்த்துவிட்டு, அவளைச் சந்தோஷப்படுத்துகிற நினைப்பில், "அவ கை மாதிரியே இருக்கு" என்றான்.

செவ்வாய்க்கிழமை காலை லேபின் வருகைப் பதிவு இயந்திரம் அவளுடைய கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை. மற்ற விரல்களையும் வைத்துப் பார்த்தாள். பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். பல்லைத் தேய்த்துத் தேய்த்து அக்காவின் ரேகையே தேய்ந்துவிட்டதாம். அவளும் சிரித்தபடி நோட்டில் கையெழுத்துப் போட்டாள். மேசையில் உட்கார்ந்ததும் விரலை விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். ரேகை இருந்தது. ஆனால் அதன் மேல் எதையோ ஊற்றி நிரப்பியது போல, வரிகளுக்கு நடுவே பள்ளம் இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தது.

மத்தியானம் தேநீர் குடித்து டம்ளரை வைத்தபோது விளிம்பில் உதட்டின் அச்சு. அவள் லிப்ஸ்டிக் போடுகிறவள் இல்லை. டம்ளரைக் கழுவும் அம்மாள் எடுப்பதற்குள் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். தலைப்பில் ஒரு தீற்றல் ஒட்டியது. உதட்டின் நிறம்தான். அவளுக்கு நிறம் தெரியும். அவளுடைய உதட்டின் நிறமேதான்.

அன்று மாலையும் தீட்டினாள். இதைச் சொல்லியாக வேண்டும். பயம் வந்திருந்தது, ஆனால் காவலாளியின் பாதி திறந்த கண் பாக்கி இருந்தது, கண்ணை இந்த நிறத்தில் முடித்துவிட்டால் அடுத்த கண்காட்சியில் சின்னவளுடைய ஊசிக்காரியைத் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. மாடியில் தங்கை யாரோடோ போனில் பேசிச் சிரிப்பது கேட்டது. பெரியவள் பிரஷை நாக்கில் வைத்தாள்.

புதன்கிழமை முகத்தில் தூசி ஒட்ட ஆரம்பித்தது. முதலில் தலைமுடி ஒன்று கன்னத்தில் ஒட்டிக்கொண்டது, ஊதினாள், போகவில்லை. பிறகு பஞ்சு இழை. லேபில் பறக்கும் பிளாஸ்டர் துகள். பேருந்தில் முன்சீட்டுக் குழந்தையின் பலூன் முகத்தில் லேசாக உரசியதில், பலூனில் பழுப்பாக ஒரு கறை விழுந்தது. ஈரப் பூச்சுக்குத் தூசிதான் முதல் எதிரி என்று இருபது வருஷமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறவள் அவள். ஒட்டிய இழையை எப்படி எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து, இழுக்காமல், மெதுவாக உரிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று அப்படித்தான் உரித்தாள். இழை வந்துவிட்டது. மோவாயில் இழை இருந்த இடத்தில் மயிரிழை அகலத்துக்கு ஒரு வாய்க்கால்.

ரத்தம் வரவில்லை. வலிக்கவும் இல்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பவுடர் போட்டாள். பவுடர் உறிஞ்சப்பட்டு முகம் ஒரு நிறம் வெளுத்தது. விசிறிக்கு நேர் கீழே மணிக்கணக்காக முகத்தை அண்ணாந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துவாலையால் ஒற்றியபோது இடது புருவத்தின் வால் துவாலைக்கு வந்துவிட்டது. பேனாவால் வரைந்துகொண்டாள். லேபுக்கு விடுப்புச் சொன்னாள். வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாளும் ஜன்னல் சாத்திய அறையில், எதையும் தொடாமல், எதுவும் தன்னைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஒரு வாடை இருந்தது, திறந்து வைத்த பெயிண்ட் புட்டியின் வாடை. எந்த அறைக்குப் போனாலும் அவளுக்கு முன்னால் போய் நின்றது. கணவன் சாப்பிட வந்தான், தொலைக்காட்சி பார்த்தான், தூங்கினான். அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், சின்னவள் அடுத்த வருஷத்துக்கு என்ன பொம்மை செய்கிறாள் என்று கேட்டான்.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். அழக்கூடாது. அழுதால் கோடு விழும்.

இரவெல்லாம் மல்லாந்தே படுத்தாள். தலையை இரண்டு பக்கமும் துணியால் அண்டைகொடுத்து, அசையாமல். மூன்று இரவு அப்படிச் சமாளித்தாள். நான்காவது இரவு, சனிக்கிழமை, அசதியில் கண் அயர்ந்துவிட்டாள்.

ஞாயிறு. விடியற்காலையில் எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்து கணவன் கிளம்பிப் போனது தூக்கத்தில் லேசாகக் கேட்டது. அவள் விழித்தபோது வெயில் ஏறியிருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

தலையைத் தூக்கினாள். ஏதோ விட்டுப் பிரிகிற சத்தம். ஈரமான காகிதத்தைப் பிரிக்கிற சத்தம்.

தலையணை உறையில் அவளுடைய வலது கன்னம் இருந்தது. மூக்கின் ஒரு பக்கம். வாயின் ஓரம். மூடிய இமை, மை எழுதியது போல வரிசை கலையாத இமைமயிரோடு.

கண்ணாடி வரைக்கும் நாலு எட்டு. போகவேண்டாம் என்று நினைத்தாள். போனாள்.

உள்ளே சதை இருக்கும், எலும்பு இருக்கும் என்று பயந்திருந்தாள். அதெல்லாம் இல்லை. சாம்பல் நிறம். வழவழப்பும் இல்லாமல் சொரசொரப்பும் இல்லாமல், மேடும் பள்ளமும் சரியாக வார்த்த, பளபளப்பில்லாத சாம்பல். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்த நிறம். நிறம் தீட்டுவதற்கு முன்னால் எல்லா உருவத்துக்கும் அவள் கையாலேயே அடிக்கிற அடிப்பூச்சு.

மாடிப்படி. கைப்பிடியைத் தொடவில்லை. நிறைகுடம் சுமக்கிறவள் மாதிரி கழுத்தை நிமிர்த்தி, ஒவ்வொரு படியாக. கதவை விரலால் தட்டப் பயந்து காலால் உதைத்தாள்.

சின்னவள் திறந்தாள். அலறவில்லை. முகம் மாறவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாக்குல வச்சியா?" என்று கேட்டாள்.

பெரியவள் தலையசைத்தாள்.

"வா."

அந்த அறையில் ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டியிருந்தது. தூசி வராமல். மேசை மேல் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தங்கை அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, பஞ்சை நனைத்துப் பிழிந்தாள். மிச்சம் இருப்பதையும் துடைத்துவிட்டுத்தான் புதிதாகப் போட முடியும், ஒட்டுப் போட்டால் விளிம்பு தெரியும் என்று சொன்னாள். அது உண்மை. பெரியவளாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறக்கப் போனாள். பஞ்சு முதலில் வாய்க்குத்தான் வந்தது. குளிர்ச்சியாக ஒரு இழுப்பு. அதற்குப் பிறகு திறப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

பூதக்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சின்னவளின் முகம் ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. இத்தனை கிட்டத்தில் அவள் தங்கையைப் பார்த்து வருஷங்கள் ஆகியிருக்கும்.

கன்னத்தில் பிரஷ் தடம் இருந்தது.

எவ்வளவு மெல்லிசு. ஒன்றின் மேல் ஒன்றாக நாற்பது ஐம்பது பூச்சு, தண்ணீர் மாதிரி கரைத்த பூச்சு, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத நீலத்தில் ஒரு துளி. மூக்கு நுனியில் வெயில் பட்ட சிவப்பு. காது மடலில் வெளிச்சம் ஊடுருவுவது போல ஓர் ஆரஞ்சு. அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. 'எனக்கு இது வராது' என்ற நினைப்புதான் முதலில் வந்தது. வயிறு எரிந்தது. இந்த நிலைமையிலும் எரிந்தது.

"எனக்கு மூணு வாரம் ஆச்சு" என்றாள் சின்னவள், பிரஷை டிஷ்யூவில் ஒற்றியபடி. "கண்ணாடியப் பாத்து நானே போட்டுக்கிட்டேன். நாக்குல வச்சுக் கூராக்குன்னு நீதானேக்கா சொல்லிக்குடுத்தே. நீ தட்டைக் கொண்டாந்து கதவுக்கு வெளிய வைக்கிற சத்தம் தினமும் கேக்கும். நீ கதவத் தட்டுவியான்னு பாத்தேன்."

பெரியவளுக்கு ஞாபகம் இருந்தது. அந்த மூன்று வாரமும், தங்கை அடுத்த போட்டிக்கு வரமாட்டாள் போலிருக்கிறது என்று கீழே நிம்மதியாக உட்கார்ந்து தீட்டிக்கொண்டிருந்தாள்.

பிரஷ் வந்தது. நெற்றி. குளிர்ச்சி. மூக்கின் தண்டு. குளிர்ச்சி. சின்னவள் அவசரப்படவில்லை. ஒரு பூச்சு, ஊதல், ஒரு பூச்சு. பக்கத்தில் புட்டி திறந்திருந்தது. ஊதியபோது வந்த மூச்சில் அந்த வாடை மட்டும்தான் இருந்தது. கண்ணை மூட வேண்டும் போல இருந்தது. இமை இன்னும் போடவில்லை.

கீழே கேட் திறந்தது. கணவனின் செருப்பு. அவளைக் கூப்பிட்டான், இரண்டு தரம். பிறகு மாடிப்படி. அவன் வந்து பார்த்தால் கத்துவான். ஆட்களைக் கூப்பிடுவான். தூக்கிக்கொண்டு ஓடுவான். அவன் மேலே வர வர, ஒவ்வொரு படிக்கும் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது.

வாசலில் கருவிப் பையோடு நின்றான்.

பார்த்தான். பாதி நிறமும் பாதி சாம்பலுமாக, வாய் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லாமல், இமையில்லாத கண்கள் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தான். அவனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. வெளிச்சம் அப்படி.

அவன் பையைக்கூடக் கீழே வைக்காமல் கிட்டே வந்தான். சின்னவளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். மனைவியின் முகத்தை இல்லை, பிரஷின் முனையை. அது கன்ன மேட்டில் ஏறி இறங்குவதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு பொறுமை உனக்கு" என்றான்.

சின்னவள் லேசாகச் சிரித்தாள். அடுத்தது வாய்தான் என்றாள். எப்படிப் போடலாம் என்று தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"சிரிச்ச மாதிரி போடேன்" என்றான் அவன். "இவ சிரிச்சே நாளாச்சு."

முனை வந்து அமர்ந்தது. நடுவில் ஒரு கோடு. ஓரத்தில் மேலே ஒரு சின்ன வளைவு. பெரியவள் நாற்காலியின் கையைப் பிடித்து அழுத்தினாள். விரல்கள் அமுங்கி, வடிவம் கலைந்து, மரத்தோடு ஒட்டிக்கொண்டன. எழ முடியவில்லை.

"இவ்வளவு போதுமா அத்தான்?"

அவன் பார்த்தான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் பார்க்காத கவனத்தோடு பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம்."

பல்லுக்குச்சி புட்டிக்குள் போய் வந்தது. கோடு கன்னத்தில் ஏறியது.

"இன்னும் கொஞ்சம்" என்றான்.

கண்ணின் ஓரத்தைத் தாண்டியது.

"இன்னும்."